நனையாத ஏரிகள்

"இடது பக்கம் பாருங்கள், பெரிய ஏரி" என்று ஆங்கிலத்தில் அறிவிக்கிறார் பெங்களூர் சுற்றுலாப் பேருந்தின் கைடு. எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. வெளியே தெரிவது பஸ் ஸ்டாண்ட். பக்கத்து இருக்கை நாகர்கோவில்காரர் கேமராவைத் திறந்து, யோசித்து, மூடுகிறார். ஏரியைத் தூர்த்துக் கட்டியது என்ற விஷயத்தைக் கைடு அதற்குப் பிறகுதான் சொல்கிறார். அடுத்து வரும் விளையாட்டு மைதானமும் ஏரிதானாம். காலையிலிருந்து கால் நனையாமல் ஏரி ஏரியாகச் சுற்றுகிறோம்.

நான் கடற்கரை ஊர்க்காரன். பொறுக்க முடியாமல் உரக்கக் கேட்கிறேன்: "ஏங்க, தண்ணி எங்க?"

முன் இருக்கைகளில் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். கைடு மைக்கை அணைத்துவிட்டு என் காதருகே குனிகிறார்.

"சார், நானும் தமிழ்தான், இங்க நீலசந்திராவுலதான் வீடு. காவிரி கலாட்டா இன்னும் அடங்கல. தமிழ்ல இவ்ளோ சத்தமா தண்ணி கேக்காதீங்க. கன்னடத்துல கேளுங்க, ஒண்ணும் ப்ராப்ளம் இல்ல."

"கன்னடத்துல எப்படிக் கேக்கணும்?"

"நீருன்னு கேளுங்க."

பள்ளிக்கூடத்துச் செய்யுளோடு நாங்கள் விட்டுவிட்டு வந்த தமிழ்ச் சொல் அது. இங்கே அதைக் கன்னடம் என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.