கேஸ் கார்டில் நான் எழுதிய ‘இல்லை’

நோயாளி நம்பிச் சொன்ன இரகசியத்தை, அவருடைய தங்கையின் உயிருக்காக வெளியிடலாமா? மலாயா சுதந்திரம் பெற்ற ஆண்டில், பட்டப்படிப்பு முடித்து மலாக்காவில் ஒரு மருத்துவமனையில் நலப் பணியாளராகச் சேர்ந்த சில மாதங்களிலேயே இக்கேள்வி என் முன் வந்து நின்றது.

அதே ஊரின் காஜா பெராங் பகுதியிலிருந்து பாக்கியம் என்ற முப்பத்திரண்டு வயதுப் பெண் மார்பில் கட்டியோடு வந்தார். உடன் அவருடைய மாமியார். கேஸ் கார்டு நிரப்புவது என் வேலை. குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இத்தகைய கட்டியோ புற்றுநோயோ இருந்ததா என்று கேட்டேன். மருமகள் வாய் திறக்குமுன் மாமியார் பதில் சொன்னார்.

“எங்க வீட்டுல யாருக்கும் ஒன்னும் இல்ல மிஸ்ஸி. அப்படியே எழுதிக்குங்க.”

‘இல்லை’ என்று எழுதினேன்.

ஆப்பரேஷன் முடிந்து சில நாள் கழித்து, வார்டில் தனியாக இருந்தபோது பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கம்மா, பெரியம்மா ரெண்டு பேரும் இதுலதான் போனாங்க மிஸ்ஸி. மாமிக்குத் தெரியக்கூடாது. கொழுந்தனுக்கு என் தங்கச்சியத்தான் பேசியிருக்கு.”

அக்காளும் தங்கையும் ஒரே வீட்டின் அண்ணன் தம்பியை மணப்பது அன்று பல குடும்பங்களில் வழக்கம். டாக்டரிடம் சொன்னால் சம்பந்தம் முறியக்கூடும். சொல்லாவிட்டால் தங்கையை யாரும் சோதிக்க மாட்டார்கள். இரண்டு நாள் யோசித்தேன். அவர் இரகசியத்தை நானே வெளியிடுவதைவிடப் பாக்கியத்தையே இணங்கச் செய்வது நியாயம் என்று பட்டது. கல்யாணம் நின்றால் வேறு வரன் பார்க்கலாம், கட்டி முற்றிவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய இயலாது என்றேன். வெகுநேரம் அழுதார். மறுநாள் பார்க்க வந்த தங்கை சரோஜாவிடம் அவரே சொல்லிவிட்டார். லேடி டாக்டர் சோதித்தபோது பட்டாணி அளவில் ஒரு கட்டி இருந்தது.

சரோஜா தாமே போய் அந்த மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னார். சம்பந்தம் நின்றது. ஆயினும் சரோஜாவுக்கு ஆப்பரேஷன் நடந்த அன்று வாசலில் காத்திருந்தவரும் அதே மாமியார்தான். என்னைக் கண்டதும் கேட்டார்:

“படிச்சவங்கதானே நீங்க? அன்னிக்கு என்னைய வெளிய உக்காரச் சொல்லியிருந்தா, பாக்கியம் அப்பவே சொல்லியிருக்கும்லா?”



டிஎன்ஏ-வில் நேரும் பழுதைச் செப்பனிடும் மரபணுக்கள் சிலருக்குப் பிறவியிலேயே குறையோடு அமைவதையும், அக்குறை தாய்வழியிலும் தந்தைவழியிலும் வரக்கூடும் என்பதையும், உடலின் எதிர்ப்பாற்றலுக்குத் தப்பிய செல்கள் கட்டியாக வளர்வதையும் பல்லாண்டுகள் கழித்தே படித்தேன். அன்று என்னிடம் இருந்தது ஒரு கேள்வி மட்டுமே. அதற்கும் தவறான ஆளிடம் பதில் வாங்கியிருந்தேன்.

பாக்கியம் மறு ஆண்டு இறந்தார். சரோஜா பிழைத்தார். அதன்பின் உறவினரை வெளியே அமர்த்திய பிறகே கார்டு எழுதினேன். தாய்வழி, தந்தைவழி என்று இரண்டு வரிகளை ஒவ்வொரு கார்டிலும் கையால் கோடிட்டுச் சேர்த்தேன்.