திருப்பூருக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன நாள்

அறுபத்தெட்டாம் வருடம் மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணிக்குத் தாராபுரத்தில் திருப்பூர் பஸ் ஏறினேன். முப்பது மைல் தூரம். டிக்கெட் ஒரு ரூபாய் முப்பது பைசா. கண்டக்டரின் பெண் என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவள். பள்ளி விடுமுறையில் டீச்சர் தனியாக எங்கே போகிறீர்கள் என்று கண்டக்டர் விசாரித்தார். உறவுக்காரர் வீட்டுக்கு என்றேன். அது பாதிதான் உண்மை. அவர்கள் உறவாவார்களா இல்லையா என்று பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

என் தங்கை எஸ்தருக்கு இருபத்து மூன்று வயது. திருப்பூர் ராயபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையன் பெயர் தேவசகாயம், ஒரு பனியன் கம்பெனியில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர். அப்பா இல்லை, அம்மா மட்டும். போய்ப் பார்த்துவர வேண்டியவர் எங்கள் அப்பாதான். முப்பது வருடம் சபை உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர், அந்தத் தை மாதம் வாதம் வந்து வலது பக்கம் விழுந்து படுக்கையில் இருந்தார். அம்மா காலமாகிவிட்டாள். ஆகவே நான்.

நான் போனதில் ஒரு சங்கடமும் இருந்தது. எனக்கும் இப்படித்தான் பார்த்துக் கட்டிவைத்தார்கள். அந்த வீட்டில் விடிகாலை ஜெபம், இரவு ஜெபம், வேதப்புத்தகத்துக்குப் பூவேலை செய்த உறை. விருந்தாளிகள் இருக்கும்போது என் கணவர் கண்ணீர் விட்டு ஜெபிப்பார். அவர்கள் போனபின் கதவைச் சாத்திவிட்டு என்னை அடிப்பார். மூன்று வருடம் கழித்து அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். அதன்பின் யாராவது உரக்க ஜெபித்தால் என் கண் கதவைத் தேடும்.

கிளம்பும்போது அப்பா குழறிக் குழறிச் சொன்னார்: "ஊட்ல வேதம் இருக்குதான்னு பாக்காத கண்ணு. கர்த்தருக்குப் பயந்து எதாச்சும் ஒரு காரியம் செய்யறாங்களான்னு பாரு."

கொடுவாய் தாண்டும்வரை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பகல் பொழுதில் அதை எப்படிப் பார்ப்பது? வீட்டைப் பார்க்கலாம், சம்பளத்தை விசாரிக்கலாம். தெய்வபயம் மனிதனுடைய நெற்றியிலா எழுதியிருக்கிறது? முன்பு ஒருமுறை எங்கள் குடும்பமே ஏமாந்திருக்கிறது. இந்த முறை ஏமாந்தால் எஸ்தர் என் முகத்தைத்தான் பார்ப்பாள். வெளியே சோளக்காடும் பருத்திக்காடும் காய்ந்து கிடந்தன. கிணற்று மேட்டில் மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். எதிலும் மனம் நிற்கவில்லை.

எட்டரை மணிக்குத் திருப்பூர். பஸ் நிலையத்தில் இறங்கியதும் மூக்கில் முதலில் ஏறியது கஞ்சியும் சலவைக்காரமும் கலந்த வாடை. கை வண்டிகளில் வெள்ளைத் துணி மலைபோல ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்திலிருந்து ஒல்லியாக, கறுப்பாக, சட்டைக் கையில் கிரீஸ் கறையோடு ஒருவர் வந்து கும்பிட்டார். அவர்தான் தேவசகாயம். மாப்பிள்ளையே பஸ்ஸுக்கு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சவரம் செய்யாத முகம். பெண் வீட்டார் வரும் நாளில் இப்படியா என்று எனக்குப் பட்டது.

அவர் வீட்டுக்கு வழி காட்டாமல் பக்கத்து டீக்கடைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். டீ பதினைந்து பைசா. இரண்டு வாங்கி வைத்துவிட்டு, தன்னுடையதைத் தொடாமல் பேச ஆரம்பித்தார்.

"டீச்சருங்க, ஊட்டுக்கு வர்றதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிப் போடறனுங்க. அதைக் கேட்டுப்போட்டு, வேண்டாம்னு தோணுச்சுன்னா ஒம்பதே காலுக்குத் திருப்பி பஸ் இருக்குதுங்க."

அவர் சொன்னது இதுதான். கம்பெனியில் பனியன் துணியை நீராவியில் சுருக்கமெடுத்துத் தரும் உருளை இயந்திரம் ஒன்று உண்டு, காலண்டர் என்கிறார்கள். கை உள்ளே போய்விடாமல் உருளைக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். பத்தொன்பது நாளுக்கு முன்பு துணி சிக்கிக்கொண்டது. சிக்கலை எடுக்க இவர் தடுப்பைக் கழற்றினார். அதற்குள் வேறொரு இயந்திரம் நின்றுவிட்டதென்று கூப்பிட்டார்கள். போனவர் தடுப்பைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டார். அரை மணி நேரத்தில், காலண்டரில் வேலை செய்த பழனிச்சாமி என்பவரின் வலது கை உருளைக்குள் போய்விட்டது. மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். நஷ்டஈட்டைத் தவிர்க்க, பழனிச்சாமியேதான் தடுப்பைக் கழற்றிவிட்டார் என்று முதலாளி அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கழற்றியது யார் என்று முதலாளிக்குத் தெரியும். இவரை வாயைத் திறக்க வேண்டாமென்று சொல்லியிருக்கிறார். இன்றைக்கு மூன்று மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் விசாரிக்க வருகிறார்.

"வேதத்தைத் தொறந்தா படிக்க முடியறதில்லீங்க. எந்தப் பக்கத்தைப் பாத்தாலும் அந்தக் கைதான் தெரியுது. இன்னிக்கு உள்ளதைச் சொல்லிரலாம்னு இருக்கறனுங்க. சொன்னா வேல போயிருமுங்க. எங்கம்மாளுக்கு இன்னும் தெரியாதுங்க."

முதலில் தோன்றியது, உண்மையைச் சொல்கிறேன், எழுந்து ஒன்பதே கால் பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்பதுதான். வேலையில்லாத மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அடுத்துத் தோன்றியது சந்தேகம். இதெல்லாம் என் முன்னால் நல்லவனாகத் தெரிவதற்காகச் செய்யும் வேலையோ? அழுது ஜெபிக்கும் ஒருவரோடு வாழ்ந்தவள் நான். இருந்தும் எழுந்திருக்க முடியவில்லை. டீ ஆறிப்போயிருந்தது. வீட்டுக்கே போகலாம் என்றேன்.

நொய்யல் பாலத்தைத் தாண்டி நடந்தோம். கரை நெடுக வெளுத்த துணி காயப்போட்டிருந்தது. வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. ராயபுரத்தில் ஒரு சந்தில் இரண்டு அறை ஓட்டு வீடு. அவருடைய அம்மா இட்லியும் கறிக்குழம்பும் செய்து வைத்திருந்தார். மகன் அடுத்த வருடம் மாஸ்டராகிவிடுவான், முதலாளிக்கு அவன்மேல் உயிர் என்று அந்த அம்மாள் சொல்லச் சொல்ல நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்கு முன் நீளமாக ஜெபம் செய்தார். முதலாளியையும் அவர் குடும்பத்தையும் ஆசீர்வதிக்கும்படி கேட்டார். ஆமென் என்று நாங்கள் சொல்ல, தேவசகாயத்தின் உதடு மட்டும் அசையவில்லை.

பழனிச்சாமியைப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் தனியாகச் சொன்னேன். ஏன் அப்படிக் கேட்டேனென்று இப்போதும் தெரியவில்லை. ஒருவேளை அவர் தயங்குகிறாரா என்று சோதித்தேனோ என்னவோ. தயங்கத்தான் செய்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

பதினொரு மணி. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு. நாற்பது வயதிருக்கும் பழனிச்சாமிக்கு. கை முழுக்கக் கட்டு, பக்கத்தில் தரையில் அவருடைய மனைவி மாராத்தாள். தேவசகாயத்தைப் பார்த்ததும் இருவர் முகமும் மலர்ந்துவிட்டது. இந்தப் பிட்டர் தம்பி ஒரு நாள் தவறாமல் வருகிறார், வரும்போதெல்லாம் பால் வாங்கி வருகிறார், கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று மாராத்தாள் என்னிடம் சொன்னாள். தேவசகாயம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்தொன்பது நாளும் இந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

"பழனிச்சாமியண்ணா, அந்தக் கம்பியைக் கழட்டுனது நானுங்க. திருப்பி மாட்ட மறந்துட்டனுங்க. உங்க மேல தப்பே இல்லீங்க."

பழனிச்சாமிக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது அவர் கோபப்படவில்லை. கட்டுப்போட்ட கையை மெதுவாக மார்பின்மேல் எடுத்து வைத்துக்கொண்டார்.

"நாந்தான் அசந்துட்டனாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டுக் கெடந்தன். பத்தொம்பது நாளா எம்பொண்டாட்டி மூஞ்சியப் பாக்க முடியாமக் கெடந்தன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தேவசகாயம் வெகுநேரம் நின்றார். போயிருங்க என்று சுவரைப் பார்த்தபடியே குரல் வந்தது.

நாங்கள் தாழ்வாரத்துக்கு வந்ததும் மாராத்தாள் பின்னாலேயே வந்தாள். அவள் அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள்: "மூணு மணிக்கும் இதையேதான் சொல்லுவீங்களா?"

"சொல்லுவனுங்க."

"அப்ப நானும் வந்து நிக்கறன்."

வீட்டுக்குத் திரும்பிப் போய் அவர் தன் அம்மாவிடமும் சொன்னார். அந்த அம்மாள் கத்தவில்லை. அடுப்பில் வெந்துகொண்டிருந்ததை இறக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "நீ வந்த நேரம் இப்படியாச்சே கண்ணு" என்றார். மத்தியானச் சோறு அப்படியே இருந்தது.

மூன்று மணி. கம்பெனிக்கு வெளியே ஒரு வேப்ப மரத்தடியில் நானும் மாராத்தாளும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே இயந்திரங்களின் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ஆய்வாளரின் ஜீப் வந்தது, கதவு சாத்தப்பட்டது. நான் ஜெபம் செய்தேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவர் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டேன். அடுத்த மூச்சிலேயே, சொல்லாமலிருந்தால் வேலையாவது நிற்குமே என்றும் நினைத்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிய அந்த மனிதரை என் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிறகும் என் மனம் தங்கையின் சம்பந்தத்தையே சுற்றியது. உபதேசியார் மகள், பிள்ளைகளுக்கு வாரத்தில் ஐந்து நாள் வேதபாடம் நடத்துகிறவள். இவ்வளவுதான் என் தெய்வபயம் என்று அந்த மரத்தடியில் எனக்கு வெட்கமாக இருந்தது.

என் உதடு அசைவதைப் பார்த்து மாராத்தாள் என்னவென்று கேட்டாள். எங்கள் ஆண்டவரைக் கும்பிடுகிறேன் என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "எங்களுக்கும் சேத்துக் கும்புடுங்க. நானும் முருகங்கிட்டச் சொல்லிட்டுத்தான் இருக்கறன்" என்றாள். அவளையும் உள்ளே கூப்பிட்டார்கள். நான் மட்டும் தனியாக இருந்தேன்.

நான்கு மணிக்கு இருவரும் வெளியே வந்தார்கள். தேவசகாயத்தின் கையில் அவருடைய ஸ்பேனர் பை இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆய்வாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாராம். பழனிச்சாமிக்குச் சேர வேண்டிய நஷ்டஈடு கிடைக்கும் என்று சொன்னாராம். முதலாளி ஒரே வார்த்தையில் நாளை முதல் வரவேண்டாம் என்றுவிட்டாராம். மாராத்தாள் எங்களிடம் விடைபெறவில்லை. தேவசகாயத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். நன்றியா ஆத்திரமா என்று சொல்ல முடியாத பார்வை. பிறகு ஆஸ்பத்திரி வழியே வேகமாக நடந்தாள்.

ஐந்தரை மணி பஸ்ஸுக்கு அவரே வந்து ஏற்றிவிட்டார். காலையிலிருந்து நெஞ்சில் முள்ளாக இருந்ததைக் கேட்காமல் போனால் தூக்கம் வராது என்று, படியில் கால் வைக்குமுன் கேட்டுவிட்டேன். "நான் வந்ததுனாலதான் இன்னிக்கு ஆஸ்பத்திரில அந்த மனுசன்கிட்டச் சொன்னீங்களா?"

அவர் உடனே இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஸ்பேனர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"தெரீலீங்க டீச்சர். ஆபீசர்கிட்டச் சொல்லோணும்னு முடிவு பண்ணியிருந்தன். ஆனா அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லத் தைரியமில்லாமத்தான் இருந்தன். நீங்க போலாம்னு சொல்லாட்டி, அங்க சொல்லாமயே உட்டிருப்பனோ என்னமோ."

பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தபோது அவர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். திருப்பூரின் புகைக்கூண்டுகள் மறையும்வரை அந்தப் பதிலையே திருப்பித் திருப்பி யோசித்தேன். என்னோடு வாழ்ந்த மனிதர் மூன்று வருடத்தில் ஒருமுறையாவது தெரியவில்லை என்று சொன்னதுண்டா? எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வசனம் இருந்தது.

ஏழரை மணிக்கு வீடு. அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். வேலை போனதையும் சேர்த்துத்தான். எஸ்தர் நிலைப்படியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணை மூடியபடி இருந்தார். முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பையன் மத்தியானம் சாப்பிட்டானா?"

சாப்பிடவில்லை என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

வேண்டாமென்றால் வேண்டாமென்று எழுதிவிடலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று எஸ்தரிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, "எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டாருங்கக்கா. அது போதும்" என்றாள். போதுமா என்று எனக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது.

அடுத்த தை மாதம் எங்கள் ஊர்ச் சபைக் கோவிலில் கல்யாணம் நடந்தது. அவர்கள் இப்போது வேலம்பாளையத்தில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். எந்தக் கம்பெனியும் அவரை நிரந்தரமாக எடுக்கவில்லை. தையல் மெஷின்களைப் பழுது பார்த்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். எஸ்தர் மாதம் ஒரு கடிதம் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் நேராகப் பழனிச்சாமி வீட்டுக்குப் போகிறாராம். வாசலில் நின்று, ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டு வருவாராம். பழனிச்சாமி இதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சில வாரம் மாராத்தாள் தண்ணீர் கொடுப்பாள். சில வாரம் கதவு சாத்தியே இருக்கும்.

நீயும் கூடப் போகிறாயா என்று எழுதிக் கேட்டேன். போன வாரம் பதில் வந்தது. "போகிறேன் அக்கா. அந்தச் சந்துக்குள் திரும்பும்போது அவருக்குக் கால் நடுங்கும். எனக்கும்தான். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு போகிறோம்."