கல்யாணத்துக்குக் கிளம்பிய சிப்பாய்

1. எலி கடித்த மாதிரி

"இன்னாம்மா இது? சண்டைக்குப் போறவன் மாதிரியா இருக்கான்? கல்யாணத்துக்குக் கிளம்பினவன் மாதிரி இருக்கான்."

நாங்கள் பெயின்ட் செய்து கொண்டுபோன முதல் சிப்பாயைப் பார்த்துவிட்டு சுபேதார் சார் சொன்னது இது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நாயக்கர் காலத்துக் கோட்டைக் காவல் படையைச் சின்ன உருவங்களாக வேலூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் வைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். உள்ளங்கை உயர ரெசின் உருவங்களை அவர் கொடுத்துவிடுவார். பெயின்ட் வேலை எனக்கும் ஷமீமுக்கும்.

நானும் ஷமீமும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஃபினிஷிங் செக்‌ஷனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். அந்த லைனை மூடியதும், ஒரு ரூம் வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகப் பெயின்ட் வேலை ஆரம்பித்தோம். எங்களுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் இதுதான். போய்விட்டால் ரூமைக் காலி செய்ய வேண்டியதுதான்.

கம்பெனியில் தோலில் ஒரு கீறல் தெரிந்தால் ஜோடியே ரிஜெக்ட். அதே கண்ணோடு சிப்பாயையும் முடித்திருந்தேன். இடுப்பு வார், வாள் உறை, செருப்பு எல்லாமே ஷோரூம் பளபளப்பு. சரி, பழசாக்குவோம் என்று அடுத்த தடவை வார் முழுக்கக் கீறல் வரைந்து, உடம்பெல்லாம் அழுக்குப் பூசி எடுத்துப் போனேன்.

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எலி கடிச்ச மாதிரி இருக்கும்மா. இன்னொரு வாட்டி கொண்டாங்க. அதுவும் சரி வரலைன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்." கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஷமீம் கேட்டாள். "பேஜாரா போச்சு வாணி. மறுபடியும் கம்பெனி கேட்டுல போய் நிக்கணுமா?"



2. வலது கால் செருப்பு

மறுநாள் ரூமுக்குள் போகும்போது வாசலில் ஷமீமின் செருப்பு கிடந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலது கால் கொஞ்சம் இழுக்கும். வலது செருப்பின் முனை தேய்ந்து நார் தெரிந்தது. கட்டைவிரல் பிடிக்கும் இடத்தில் வியர்வை பட்டுத் தோல் கறுத்து மினுங்கியது. இடது செருப்போ புதிது மாதிரி இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் கைப்பையைத் திருப்பிப் பார்த்தேன். பிடி கறுத்திருந்தது, மடிப்பில் மட்டும் சாயம் விட்டு வெளுத்திருந்தது. தேய்மானம் கண்ட இடத்தில் வருவதில்லை. உடம்பு படுகிற இடத்தில்தான் வருகிறது.

"செருப்பை இன்னாத்துக்கு அப்படி மொறைக்கிற?" என்றாள் ஷமீம்.

"கோச்சுக்காத. உன் செருப்பை இந்த சிப்பாய்க்குப் போடட்டுமா?"

குனிந்து வலது செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கேட்டிருக்கவே கூடாதோ என்று எனக்குத் தோன்றியது.

"போடு. ஆனா வலது கால்ல போடு. மாத்திடாத."

அடர் பழுப்பில் முதல் பூச்சு. வார் மடங்கும் இடங்களில் மட்டும் வெளிர் கோடு. வியர்வை படும் இடத்தில் நீர்க்கப் பண்ணிய கறுப்பு. வாள் உறையில், கை உரசும் இடத்தில் மட்டும் பளபளப்பு. மற்ற இடமெல்லாம் மினுங்காத மேட் வார்னிஷ். வலது செருப்பின் முனையை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து நார் தெரிய வைத்தேன். பாலாற்று மணல் நிறத்தைப் பாதத்தில் ஒற்றி எடுத்தது ஷமீம்.

 இந்தத் தடவை சார் உருவத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"இவன் வலது கால இழுத்து நடப்பான் போல?"

 நான் வாயைத் திறக்கும் முன் ஷமீம் முன்னால் வந்தாள்.

"ஆமா சார். ஆனா ஒரு நாளும் டூட்டிக்கு லேட்டா வந்ததில்ல."

சார் சிரித்துவிட்டார். "அப்போ இவன கோட்டை வாசல்லயே நிறுத்திடலாம். மீதி பேரையும் நீங்களே முடிச்சிக் குடுத்துடுங்க."

இப்போது எங்கள் ரூமில் இன்னும் சில பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் கையில் முதலில் பிரஷ்ஷைக் கொடுப்பதில்லை. ஓர் உருவத்தைக் கொடுத்து, இவன் எந்தக் கையால் சாப்பிடுவான், எப்படி நடப்பான் என்று கேட்கிறோம். பதில் வந்த பிறகுதான் பெயின்ட் டப்பாவைத் திறக்கிறோம்.