வலைக்குள் விழாத இலைகள்

ஒரு காடு எவ்வளவு இலை சுமக்கிறது என்று அளக்க மரம் ஏற வேண்டியதில்லை. இலையுதிர் காட்டில் எல்லா இலையும் எப்படியும் கீழே வரும். தரையில் படாமல் மரத்தடியில் நைலான் வலைகளை உயர்த்திக் கட்டி, அதில் விழுவதை மட்டும் அவ்வப்போது அள்ளிவந்து, ஸ்கேன் செய்து பரப்பளவைக் கூட்டி, வலையின் பரப்பால் வகுத்தால் போதும். என் பேராசிரியர் இப்படிச் சொன்னபோது எளிதாகத்தான் தெரிந்தது.

ஒகேனக்கல் சாலையை ஒட்டிய காட்டில் அனுமதி வாங்கி வலை கட்டினேன். தை பிறந்ததும் இலை கொட்ட ஆரம்பித்தது. வேங்கை இலை பரவாயில்லை, உள்ளங்கை அகலம் இருக்கும். உசிலைதான் உயிரை எடுத்தது. எள்ளைப் போன்ற சிற்றிலைகள். விரலில் ஒட்டும், மூச்சு விட்டால் பறக்கும். கல்லூரி ஸ்கேனர் வேறு பழுது. மூட்டையை நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட ஒவ்வொரு இலையாக விரித்து இரவல் ஸ்கேனரில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை குளித்துவிட்டு வந்து பார்த்தால் மூட்டை காலி.

"அம்மா, இங்க இருந்த எல எங்க?"

"அத வெச்சுத்தான் உனக்குத் தண்ணி காய வெச்சேன். நல்லா எரிஞ்சுது."

"ஏம்மா, அது என் ஆராய்ச்சிம்மா!"

"காஞ்ச சருகுடி. காட்டுல இன்னும் கெடக்காதா?"

கத்தினேன். அந்த மரங்கள் அந்த வாரங்களில் உதிர்த்தது அவ்வளவுதான், இனி எங்கு போனாலும் கிடைக்காது என்றேன். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மெதுவாகக் கேட்டார்: "எவ்வளவுடி கொறையுது?" காலி மூட்டையை உதறிக் காட்டினேன்.

அடுத்த முறை காட்டுக்குக் கிளம்பியபோது அம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு நின்றார். தருமபுரி போய் பஸ் மாறிப் போனோம். நான் வலைகளில் இருந்ததை அள்ளிப் போட்டேன். அம்மா பையைப் பிடித்து, வாயைக் கட்டி வைத்தார். வேலை சீக்கிரம் முடிந்ததில் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

வீட்டில் முதல் பையைக் கொட்டினால் மண். ஓர் ஆட்டுப் புழுக்கை. உயரத்தில் தொங்கும் வலைக்குள் ஆடு எப்படி ஏறும்?

"அம்மா, இதுல மண்ணு எப்படி வந்துச்சு?"

"நீ அந்தப் பக்கம் போனப்ப கீழ கெடந்ததயும் கொஞ்சம் அள்ளிப் போட்டேன். நான் எரிச்சது கொறையுதுல்ல?" என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "நல்ல எலயா பாத்துத்தான் போட்டேன்."

எல்லாப் பைகளிலும் போட்டிருந்தார். எது வலையில் விழுந்தது, எது தரையில் கிடந்தது என்று பிரிக்க வழியே இல்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். ஃபோனில் சொன்னதும் பேராசிரியர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, இன்னொரு பருவம் முழுக்க எடுக்கத்தான் வேண்டும் என்றார். அவருக்கென்ன, சிரிக்கலாம்.

அடுத்த தையில் மறுபடி வலை கட்டினேன். இலைகளை என் அறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் குளிக்கப் போனேன். பூட்டுவதைப் பார்த்த அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். ஆனால் பக்கத்து வீட்டம்மா, மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டபோது அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"காட்டுல எல அளக்கறா. ஒரு எல கொறஞ்சாலும் கத்துவா, ஒரு எல கூடுனாலும் கத்துவா."