இத்தா வீட்டுக்கு வயரிங் பார்க்கப் போன சாச்சி

என் மகனுக்கு ஒன்றரை வயது. நடக்கத் தொடங்கியதிலிருந்து அவனுடைய விரல் சுவரிலுள்ள பிளக் துளைகளைத்தான் தேடுகிறது. எல்லாத் துளைகளுக்கும் மூடி வாங்கிப் போட்டுவிட்டேன். போட்ட பிறகும், சரியாகப் போட்டேனா என்று எழும்பிப் போய்ப் பார்ப்பேன். மாதத்தில் ஒருநாள் ட்ரிப் சுவிட்ச்சிலுள்ள சின்னப் பொத்தானை அழுத்தி, வீடு முழுவதும் கரண்ட் போகிறதா என்றும் பார்ப்பேன். போனால்தான் எனக்கு நிம்மதி. கரண்ட் போவதில் நிம்மதி காண்கிற பெண் எங்கள் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இந்தப் பழக்கம் எனக்குச் சாச்சியிடமிருந்து வந்தது.

சாச்சி என் உம்மாவின் கடைசித் தங்கை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவருக்கு இருபத்திரண்டு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, தையல் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு, அவர் பதிந்தது மின்சார வேலைக்கான பயிற்சி வகுப்பில். இரண்டு மாதம் போயும் தைத்த துணி ஒன்றையும் காணவில்லையே என்று உம்மா கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் சாச்சி எங்கள் வீட்டில் துணி தேய்க்கும் ஐயன் பெட்டியைக் கழற்றித் திரும்பப் பூட்ட, அது முன்னையைவிட நன்றாகச் சூடாகவும் தொடங்கியிருந்தது. அதனால் உம்மாவால் முழுதாக ஏசவும் முடியவில்லை.

வகுப்பு முடிந்தால் போதாது. ஆறு மாதம் ஒரு பாஸிடம் பயிலுனராக வேலை செய்யவேண்டும். மேசனையும் தச்சனையும் போல வயரிங் செய்பவரையும் எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் சொல்வோம். அந்தப் பாஸ் கிழமைக்கு ஒரு தடவை, வாரம் தவறாமல், பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. சாச்சி கல்முனையில் மூன்று பாஸ்மாரிடம் போனார். ஒருவர் பதில் சொல்லவில்லை. ஒருவர் சிரித்தார். மூன்றாமவர், கடையில் பல்ப் விற்க ஒரு பிள்ளை தேவை, அதற்கு வருகிறாயா என்று கேட்டார்.

மிஞ்சியது மாமா. உம்மாவுக்கும் சாச்சிக்கும் மூத்த காக்கா, அண்ணன். ஊரில் பாதி வீடு அவர் வயர் இழுத்த வீடு. உம்மா இரண்டு நாள் அழுது கேட்ட பிறகு ஒத்துக்கொண்டார்.

"ஏணியில ஏறப்படா. நான் செல்றத மட்டும் செய்யோணும். ஏன், எதுக்கு எண்டு கேக்கப்படா" என்றார்.

சாச்சி எல்லாவற்றுக்கும் "ஓம் காக்கா" என்றார்.

அபாயாவின் கையை முழங்கைக்குக் கீழே ஊசியால் குத்திக்கொண்டு, மாமாவின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் தன் சைக்கிளில் போவார். மூன்று மாதம் குழாய் வெட்டினார், கிளிப் அடித்தார், சுவர் உடைத்த மண்ணைக் கூட்டி அள்ளினார். தெருமுனை வீட்டுப் பெண் ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னகா, சீதனத்துக்கு ஸ்க்ரூட்ரைவரா கொண்டு போகப் போற?" என்று கேட்டார். சாச்சி சைக்கிளை நிறுத்தாமலே, "ஓம்கா, உங்கட மகன் எண்டா டெஸ்டரும் சேத்துத் தாறன்" என்றார். அந்தப் பெண் அதற்குப் பிறகு வேலிக்கு மேலால் பார்ப்பதை விட்டுவிட்டார்.

மாமாவுக்கு இந்தச் சிரிப்பெல்லாம் பிடிக்கவில்லை. பள்ளிவாசலில் யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் மாதக் கடைசியில், இந்தக் கிழமையோடு போதும், புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டில் இரு என்று சொல்லிவிட்டார்.  சாச்சி அன்று எங்கள் வீட்டுக்கு வந்து, குசினியில் உம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மூன்று தேங்காய் துருவிய பிறகுதான் உம்மா கவனித்துத் துருவலையைப் பிடுங்கினார்.

அடுத்த நாள்தான் மாமி வீட்டிலிருந்து செய்தி வந்தது. மாமி என் வாப்பாவின் ராத்தா, அதாவது அக்கா. அவருடைய கணவர் மௌத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாமி இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. அந்த வீட்டு ஃபிரிட்ஜில் கரண்ட் அடிக்கிறது. மாமியின் மகள், எனக்கு மச்சி, ஈரக் காலோடு அதைத் திறக்கப் போய்த் தூக்கி எறியப்பட்டு, முழங்கை கறுத்துக் கிடக்கிறாள். அந்த வீட்டுக்கு வயர் இழுத்த பாஸ் மாமாதான். ஆனால் மாமிக்கு மாமாவும் அந்நிய ஆண்தான், உள்ளே போக முடியாது. எந்த பாஸும் போக முடியாது.

மாமா நெடுநேரம் யோசித்தார். பிறகு சாச்சியிடம், "நான் வெளிய நிக்கிறன். நீ உள்ளுக்குப் போய்ப் பாரு. ஒழுங்காச் செஞ்சி முடிச்சா மிச்ச மூணு மாசமும் சைன் வெச்சித் தாறன். ஒரு பிழ விட்டா ஊட்ட இரி" என்றார்.

பாடசாலை விடுமுறை. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கைபேசி இருந்தது, ஆனால் ஸ்பீக்கரில் போட்டால் வெளி ஆணின் குரல் வீடு முழுவதும் கேட்குமே என்று மாமி தயங்கினார். அதனால் நான்தான் கைபேசி. சாச்சி கேட்பதை வெளியே கொண்டுபோய், மாமா சொல்வதை உள்ளே கொண்டுவரவேண்டும். ஒரு சொல்லும் பிசகக் கூடாது என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

மாமா வேலிப் படலைக்கு வெளியே, முருங்கை நிழலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். உள்ளே மாமி வெள்ளை உடுப்போடு அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். சாச்சி முதலில் தன் காலிலிருந்த ரப்பர் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு ஃபிரிட்ஜின் கைப்பிடியில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டரின் வயிற்றுக்குள் சின்ன பல்ப் சிவப்பாக எரிந்தது. மச்சி "யா அல்லாஹ்" என்று பின்னால் போனாள். சாச்சி மெயினை அணைத்துவிட்டு, சுவரிலிருந்த பெட்டியைத் திறந்தார். மச்சி டோர்ச் பிடித்தாள். நான் ஸ்டூலில் ஏறி நின்று பார்த்தேன்.

ஆளுக்குக் கரண்ட் அடித்தால் கண் இமைக்குமுன் விழுந்து, கரண்டை நிறுத்தி உயிரைக் காப்பாற்றுவதற்குத்தான் ட்ரிப் சுவிட்ச். அந்த வீட்டில் அது விழவே முடியாது. அதன் மேலிருந்து கீழுக்கு இரண்டு வயர் போட்டு நேராக இணைத்திருந்தது. கரண்ட் சுவிட்ச்சைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது. வயரின் முனைகளில் நீல டேப் சுற்றி, பிறகு உரிப்பதற்கு வசதியாக நுனியை முக்கோணமாக மடித்து விட்டிருந்தது. அப்படி மடிப்பது யார் என்று எனக்கும் தெரியும். எங்கள் வீட்டு வயர்களிலும் அந்த முக்கோணம் இருந்தது.

சாச்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் காதில், "காக்காட்டக் கேளு. ட்ரிப் சுவிட்ச்ச சுத்தி நேரா வயர் போட்டிரிக்கி, அத அப்பிடியே விட்டது ஏன் எண்டு கேளு" என்றார்.

படலைக்கு இருபது அடி இருக்கும். அந்த இருபது அடிக்குள் எனக்குப் பயம் வந்துவிட்டது. மாமாவிடம் ஏன் என்று கேட்கக்கூடாது என்பது சாச்சிக்கே போட்ட சட்டம். கேட்டால் கோபித்துக்கொண்டு சாச்சியை அனுப்பிவிடுவார். நான் சாச்சியைக் காப்பாற்ற நினைத்தேன்.

"மாமா, ட்ரிப் சுவிட்ச் பழுதாம்" என்றேன்.

"அது உப்புக் காத்துல பழுதாகும். அதக் கிண்ட வாணாம். ஃபிரிட்ஜுக்குக் கீழ ஒரு பலகய வெச்சி, செருப்புப் போட்டுத் திறக்கச் செல்லு. கரண்டக் குடுத்திட்டு வரட்டும்."

இதை மட்டும் ஒரு சொல் பிசகாமல் கொண்டுபோய்ச் சொன்னேன். சாச்சியின் முகம் மாறியது.

"நான் கேட்டதுக்கு அவர் செல்லின பதில் இதா?"

"ஓம்" என்றேன்.

இன்றைக்கும் இரவில் விழித்துக்கொண்டால் அந்த "ஓம்" நினைவுக்கு வருகிறது. கேள்வியை உள்ளபடியே கொண்டுபோயிருந்தால் மாமா வேறு பதில் சொல்லியிருப்பாரா? தெரியாது. சாச்சி அன்று நம்பியது, தன் காக்கா எல்லாம் தெரிந்துகொண்டே பலகை வைக்கச் சொல்கிறார் என்பதை.

அவர் பெட்டியை மூடவில்லை. மெயினையும் போடவில்லை. நேராகப் படலைக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

"காக்கா, நான் இந்த ஊட்டுக்கு இப்பிடிக் கரண்ட் குடுக்க மாட்டன்."

"என்ன?"

"பலகைக்கு மேல வெச்சாலும் கரண்ட் கரண்ட்தான். கேட்டதுக்கு இதா பதில்? அந்தப் புள்ளைக்கு முழங்கையோட போச்சி. அடுத்த தடவ என்ன போகும்?"

"மூணு மாசம் கிளிப் அடிச்சவ எனக்குப் படிப்பிக்கிறாவாக்கும். மழைக்கு அந்தச் சுவிட்ச் ஒரு நாளைக்குப் பத்துத் தடவ விழுந்திச்சி. மௌத்தான மனிசன் என்ன விட்டாரா? ராவும் பகலும் ஃபோன்."

"விழுறதுக்குத்தானே காக்கா அத வெச்சிரிக்கி."

சாச்சியின் குரல் உயரவேயில்லை.  "நீங்க புத்தகத்தில சைன் வைக்காட்டியும் பரவாயில்ல. நான் ஊட்ட இரிக்கிறன். ஆனா மெயின என்ர கையால போடமாட்டன்."

மாமாவின் முகம் சிவந்திருந்தது. பிறகு ஏதோ தட்டுப்பட்டதுபோல நின்றார். "நீ எந்தக் கேள்வியக் கேட்ட?" என்று தொடங்கியவர், பாதியில் என்னைப் பார்த்தார். நான் மண்ணைப் பார்த்தேன். அவர் அந்தக் கேள்வியை அதற்கு மேல் கேட்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அந்த நேரம் உள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. "என்னகா அங்க சண்ட? கரண்ட் வருமா வராதா? என்ர இன்சுலின் ஃபிரிட்ஜுக்குள்ள இரிக்கி."

சாச்சி திரும்பி, "ஒண்டுமில்ல ராத்தா. ட்ரிப் சுவிட்ச் கடல் காத்துக்குப் பழுதாப் போச்சி. காக்கா புதுசு எடுக்கப் போறாரு" என்றார்.

எனக்குத் திகைப்பாக இருந்தது. நான் சொன்ன அதே பொய். ஆனால் அவர் சொன்னபோது மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

மாமா தாழ்ந்த குரலில், "எர்த் வயர் என்ன மாதிரி?" என்று கேட்டார்.

"உள்ளுக்கு நல்லாத்தான் இரிக்கி. வெளிச் சுவர்ப் பக்கம் நீங்கதான் பாக்கோணும்."

மாமா வீட்டைச் சுற்றி ஒழுங்கைச் சந்துப் பக்கம் போனார். நானும் போனேன். மாமியின் கணவருடைய மையத்து வீட்டன்று பந்தல் போடக் கால் நட்ட குழி அங்கே மூடாமல் கிடந்தது. குழி தோண்டிய அலவாங்கு பட்டு, நிலத்துக்குள் போகும் செப்பு வயர் இரண்டாக அறுந்திருந்தது. ஃபிரிட்ஜில் கசிந்த கரண்டை இத்தனை காலமும் மண்ணுக்குக் கொண்டுபோனது அந்த வயர்தான். அது அறுந்த நாளிலிருந்து போக இடமில்லாமல் கரண்ட் கைப்பிடியிலேயே நின்றது. மாமா குழியருகே குந்தி, அறுந்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நினைத்து, தண்ணீர் வேண்டுமா மாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

வயரை அவரே பொருத்தினார். கடைக்குப் போய்ப் புது ட்ரிப் சுவிட்ச் வாங்கி வந்து படலைக்கு மேலால் என்னிடம் தந்தார். ஒரு செய்தியும் சொல்லி அனுப்பவில்லை. சாச்சி நேர் வயரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினார். ஒவ்வொரு திருகாணியாக இறுக்கி, வயரை இழுத்துப் பார்த்து, மறுபடி இறுக்கினார். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியபோது மச்சி தன் ஷாலால் துடைத்துவிட்டாள். பிற்பகல் அஸர் பாங்கு சொல்லும்போது மெயினைப் போட்டார். விசிறி சுற்றியது. பொத்தானை அழுத்தினார், ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. மீண்டும் போட்டு, ஃபிரிட்ஜின் பிளக்கைச் செருகினார், உடனே விழுந்தது.

"விழுந்திட்டு!" என்று சாச்சி கைதட்டிச் சிரித்தார். படலைக்கு வெளியே மாமாவும் சிரித்தது எனக்குக் கேட்டது. ஃபிரிட்ஜை மட்டும் ஒதுக்கிவிட்டு, இன்சுலினை ஐஸ் துண்டுகளோடு எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனோம். புறப்படும்போது மாமி வேலை அழுக்கில் கறுத்த சாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் துஆச் செய்தார்.

அந்தக் கிழமைக் கையெழுத்தை மாமா கேட்காமலே வைத்தார்.

விடுமுறை முடியும்வரை அவர்கள் போன இடமெல்லாம் நானும் போனேன். புது வீடுகளுக்கு இல்லை. மாமா முன்பு வயர் இழுத்த பழைய வீடுகளுக்கு. எல்லா வீட்டிலும் அவர் ஒரே மாதிரித்தான் சொன்னார்: "சும்மா ஒருக்கா செக் பண்ணுவம். காசி ஒண்டும் தர வாணாம். எங்கட தங்கச்சிக்குக் கை பழகோணும், அதுக்குத்தான்."

ஒரு வீட்டுக்காரர், "உங்கட தங்கச்சி படிக்க எங்கட ஊடுதானா கிடைச்சிச்சி பாஸ்?" என்று கேலி செய்தார். மாமா சிரித்துச் சமாளித்தார். சாச்சி தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைத் திறந்தார். எல்லா வீட்டிலும் அதே வேலை. பெட்டியைத் திறப்பது, நேராகப் போட்ட வயரை எடுத்துப் பைக்குள் வைப்பது, பொத்தானை அழுத்துவது, விழுகிறதா என்று பார்ப்பது. மாமா பக்கத்தில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த வீட்டுக்குப் போனால் திரும்பவும் அதுவே.

எனக்குச் சாச்சியை நினைக்கப் பாவமாக இருந்தது. ஒருநாள் உம்மாவிடம் சொன்னேன்: "சாச்சிக்கு இன்னும் பாடமாகல்லப் போல. மாமா ஒரே வேலயத்தான் ஊடு ஊடாச் செய்ய வைக்கிறாரு."

உம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அன்று மஃரிப் தொழுதுவிட்டு, சாச்சிக்குச் சீக்கிரம் வேலை பழகிவிட வேண்டும், மாமா பொறுமையிழந்துவிடக் கூடாது என்று நான் நெடுநேரம் துஆக் கேட்டேன்.