கரவானின் மூக்கில் ஒரு பிள்ளையார் சுழி

பாரிஸிலிருந்து கடலுக்குப் போவது பெரிய காரியமில்லை. காலையில் ரயில் ஏறினால் மாலையில் திரும்பலாம். ஆனால் என் மனைவி மாலதிக்கு வேண்டியது அது இல்லை. அவளுக்கு ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கும் வேலை. ஒரு வாரம் கடலோரம் தங்க வேண்டும், ஹோட்டல் கட்டிலைக் கண்ணிலும் காணக்கூடாது என்பது அவள் நிபந்தனை. அப்படித்தான் இந்த ஜூன் மாதம் நாங்கள் கரவான்காரர் ஆனோம்.

பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் நான் சமைக்கும் உணவகத்துக்கு மரக்கறி கொண்டுவரும் பிரெஞ்சுக்காரர், ஓய்வு பெற்றபோது காரின் பின்னால் கொளுவி இழுக்கும் தன் பழைய ஃபைபர் கிளாஸ் கரவானை எனக்குத் தந்தார். முட்டை வடிவம், இருவர் படுக்கலாம். மொத்த எடை 750 கிலோவுக்குள் என்பதால் கார் ஓட்டும் உரிமமான பெர்மியே போதும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். நான் கையால் தடவிப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க வெள்ளைத் தூள் ஒட்டியது.

நோர்மண்டிக் கரையில், லெ த்ரெபோரில், கரவான்களை நிறுத்தித் தங்கும் ஒரு கம்பிங்குக்குத் தொலைபேசி எடுத்தேன். அதை நடத்தும் மதாம், பழைய கரவான் என்றால் சனிக்கிழமை நேரில் பார்த்துத்தான் இடம் தருவேன், பார்வைக்கு நன்றாயில்லை என்றால் அப்படியே திரும்பிப் போக வேண்டியதுதான் என்றார். கோடையில் வேறெங்கும் இடமில்லை. மாலதியின் லீவோ அந்த ஒரு வாரம்தான்.

பாரிஸுக்குப் பக்கத்தில் ஸ்தேனில் கராஜ் வைத்திருக்கும் ரவி அண்ணையின் பின்வளவில் வேலை தொடங்கினோம். ஃபைபர் கிளாஸின் மேல் ஜெல்கோட் என்று ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். வெயில் தின்று தின்று அதுதான் தூளாகிறது. முதலில் மென்மையான சோப்பால் கழுவினோம். ஜன்னல்கள் பிளாஸ்டிக் என்பதால் ஓரமெல்லாம் டேப் ஒட்டினோம். பிறகு தண்ணீர் விட்டு விட்டு மண்கடதாசியால் தேய்த்தோம், 800 இலக்கத்தில் தொடங்கி 2000 வரை. அதன்பின் மெஷினை மெதுவாக ஓடவிட்டுப் பொலிஷ். ஓரங்களில் அழுத்தினால் பூச்சு போய் நார் தெரியும் என்று ரவி அண்ணை நூறு தரம் சொல்லியிருப்பார். இரண்டு வார இறுதிகள் போயின. தோளைப் பற்றிக் கேட்காதீர்கள்.

பயணத்துக்கு முந்திய வியாழன் மாலைக்குள் பக்கங்களுக்கும் பின்புறத்துக்கும் மெழுகு பூசி முடித்தாயிற்று. முன்பக்கம், அதாவது கரவானின் மூக்கு, பொலிஷோடு நின்றது. மெழுகை வெள்ளி காலையில் பூசுவதாக நினைத்து நான் இரவு வேலைக்குப் போய்விட்டேன்.

அன்று மாலதி லாச்சப்பலில் சாமான் வாங்கிக்கொண்டு வளவுக்கு வந்திருக்கிறாள். புது வாகனம் என்றால் நம்மவர் என்ன செய்வார்கள்? சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்தாள், கற்பூரம் கொளுத்தினாள். மஞ்சளைக் குழைத்து, மூக்கின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிள்ளையார் சுழி போட்டாள். அன்றிரவு மழை.

வெள்ளி காலையில் போய்ப் பார்த்தால், உகரம் அப்படியே நிற்க, அதிலிருந்து மஞ்சள் தாரை தாரையாக வழிந்து முன்பக்கம் முழுவதும் ஊறியிருந்தது. மெழுகு இல்லாத ஜெல்கோட் தேநீரில் தோய்த்த பாண் துண்டைப் போல உறிஞ்சும். சோப்பு போட்டேன், அசையவில்லை. இனியும் பொலிஷ் போட்டுத் தேய்த்தால் பூச்சே மிஞ்சாது, மெழுகைப் பூசினால் கறை உள்ளேயே மாட்டிக்கொள்ளும் என்றார் ரவி அண்ணை.

"பிள்ளையாருக்கு வேறை இடம் கிடைக்கேல்லையோ?" என்று மாலதியிடம் கேட்டுவிட்டேன். அவள் காரில் வைத்திருந்த கடற்கரைப் பையை எடுத்து நிலத்தில் வைத்தாள். பிறகு கிட்டப் போய்க் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"உங்கடை குசினிச் சேர்ட்டிலை ஊறின மஞ்சள் எப்பிடிப் போகுதெண்டு நினைக்கிறியள்? சோப்பிலை இல்லை. வெயிலிலை காயப்போட்டுத்தான்."

கரவானைக் கையாலேயே தள்ளி, மூக்கைத் தெற்குப் பக்கம் திருப்பினோம். சூரியன் நகர நகர நாங்களும் திருப்பினோம். கறை மங்கத்தான் செய்தது. ஆனாலும் மாலையில் நின்று பார்த்தால் தெரிந்தது.

சனி காலை 9.40க்குப் புறப்பட்டோம். ஏறக்குறைய 180 கிலோமீற்றர், போவே வழியாக. வடமேற்கே போகும் வண்டியின் மூக்குக்குக் காலை வெயில் படாது என்பது நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் உறைத்தது. போவே தாண்டி ஓர் ஓய்விடத்தில் மூக்கு வெயிலைப் பார்க்கும்படி நிறுத்தி, இடியப்பத்தையும் சம்பலையும் இரண்டு மணி நேரம் சாப்பிட்டோம். பக்கத்து லொறிக்காரர் எஞ்சின் பழுதா என்று கேட்டார். இல்லை, காயவைக்கிறோம் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

நான்கு மணிக்குக் கம்பிங் வாசலில் மதாம் கரவானைச் சுற்றி வந்தார். பக்கத்தைத் தடவி உள்ளங்கையைப் பார்த்தார், தூள் இல்லை. முன்னால் வந்து நின்றார். வழிந்த மஞ்சள் மறைந்திருந்தது. தடிப்பாகப் போட்ட உகரம் மட்டும், வால் நீண்ட 2 போல, இளமஞ்சளாக நின்றது. மாலதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது இரண்டா? போன கம்பிங்கில் தந்த இலக்கமா?" என்று மதாம் பிரெஞ்சில் கேட்டார்.

நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் மாலதி, "உய் மதாம், இரண்டுதான்," என்றாள். தமிழில் பழைய இலக்கப்படி அது இரண்டேதான், பொய் ஒன்றும் இல்லை. மதாம் சிரித்து, இரண்டாம் இலக்க இடம் காலியாகத்தான் இருக்கிறது, அங்கேயே போடுங்கள் என்றார். வெண்பாறையும் கடலும் நேரே தெரியும் இடம். இடத்தைப் பார்த்ததும் மாலதி செருப்பைக் கழற்றிவிட்டுக் கூழாங்கல்லில் "ஆ, ஊ" என்றபடி தண்ணீருக்கு நடந்தாள்.

போகிறவர்களுக்கு: ஜூனிலும் அங்கே காற்று குளிர், ஸ்வெட்டர் கட்டாயம். கரவானைக் கழுவ ஜாவெல் தண்ணீர் என்னும் ப்ளீச் வேண்டாம். மெழுகை நிழலில் பூசுங்கள், ஆண்டுக்கு இரண்டு தரமாவது. நிறுத்தி வைக்கும் நாட்களில் காற்றோட்டமான உறை போட்டால் பூச்சு நீண்டகாலம் நிற்கும்.

அந்த வாரம் கடலோர வெயிலில் நின்று, வியாழக்கிழமைக்குள் உகரமும் போய்விட்டது. நிழல் வந்ததும் மூக்குக்கு மெழுகு பூசி, துடைத்து, முகம் தெரியப் பளபளக்க வைத்தேன். பிறகு உள்ளே போய் மஞ்சள் டப்பாவை எடுத்துவந்து மாலதியிடம் நீட்டினேன்.

"இப்ப போடும்," என்றேன். எதையும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்க வேண்டும், இந்த மெழுகு வேலை ஒன்றைத் தவிர.