மிசிசிப்பி ஹென்றியும் தபால் வண்டிக்காரரும்

அந்தப் பலகையை எழுதியது நான்தான். அதை முதலில் ஒத்துக்கொண்டுவிட்டால் மற்றவர்களைத் திட்டுவது எளிது.

மேற்கு சிட்னியில் ஒரு கவுன்சில் நூலகத்தின் லோக்கல் ஹிஸ்டரி செக்‌ஷனில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். சேர்ந்த புதிதில், பூங்காவில் வைக்கும் பலகைக்கு மிசிசிப்பி ஹென்றி என்ற பழைய கொள்ளைக்காரனைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மைக்ரோஃபில்மில் பத்திரிகைகளைப் பார்த்து அப்படியே இறக்கினேன். அமெரிக்கக் காட்டில் ஓநாய்கள் வளர்த்த பிள்ளை. அங்கே பதினொரு பேரைச் சுட்டுவிட்டுக் கப்பலேறியவன். தாய் தகப்பன் யாரென்று எவருக்கும் தெரியாது. கடைசி வரியில், இங்கே ஒரு தபால் வண்டிக்காரரைக் கொன்று தூக்கில் தொங்கினான் என்று முடித்தேன். பெருமை வேறு பட்டேன், வெட்கக்கேடு.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, பலகையைப் புதுப்பித்து ஹென்றி பெயரில் விழா எடுக்கக் கவுன்சில் முடிவு செய்தது. ஈவென்ட்ஸ் ஆபீசர் சரவணன், மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கியவர், பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் துப்பாக்கி ஓர்டர் செய்தார். அதே வாரம் மார்கரெட் என்ற முதிய பெண்மணி என் மேசைக்கு வந்தார். தபால் வண்டிக்காரர் தன் பாட்டியின் தகப்பன் என்றார். அவருக்கு ஒரு பெயர் உண்டு, பலகையில் ஏன் இல்லை என்று கேட்டார். குடும்பத்தில் மிஞ்சியிருப்பது தான் மட்டும்தான், தனக்குப் பிறகு கேட்க ஆளில்லை என்றார். எனக்குப் பெயர் தெரியாது. நான் தேடவே இல்லை.

அன்றுதான் இன்குவெஸ்ட் பேப்பரை, அந்தச் சாவின் விசாரணைப் பதிவை, எடுத்தேன். பத்திரிகைக்காரர் கொன்றவனைப் பற்றி எழுதுவார். மரண விசாரணை அதிகாரி செத்தவரைப் பற்றி எழுதுவார். தாமஸ் ரீட், வயது முப்பத்திரண்டு. முதுகில் துப்பாக்கிச் சூடு. சட்டைப்பையில் ஒரு சீப்பும், தைக்கக் கொண்டுபோன குழந்தைச் சப்பாத்து ஒன்றும்.

பிறகு கோபத்தோடு ஹென்றியைத் தேடினேன். ஓநாயாவது, அமெரிக்காவாவது! ஜெயில் ரிஜிஸ்டரில் பிறந்த ஊர் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் ஆள் அகப்பட்டான். நூலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ரொட்டிக்கடை வைத்திருந்தவரின் மூன்றாவது மகன். வண்டியை மறித்துத் திருடியவனைக் கள்ளன் என்போம். அவனைப் பெற்றவர் யாரென்று தெரியாவிட்டால் உடனே வீரனாக்கிச் சிலை வைக்க நிற்போம்.

எல்லாப் பேப்பரையும் சரவணனிடம் காட்டினேன்.

"அக்கா, ரொட்டிக்கடைக்காரர் மகன்னு போட்டா யாருக்கா வருவா? மிஸ்டரி இருந்தாதான்லா கூட்டம்."

"முதுகில சுட்டவனிட்ட என்ன மிஸ்டரி தம்பி? பின்னால நிண்டவன், அவ்வளவுதான்."

"சரி, அவர் பேரப் போடலாம். ஆனா போர்டுல இடம் இல்லக்கா."

"இடம் கிடக்கு. ஓநாயை எடுங்கோ, அமெரிக்காவை எடுங்கோ, அந்தப் பதினொரு பேரையும் எடுங்கோ."

அவர் இன்குவெஸ்ட் பேப்பரை மறுபடி வாசித்தார்.

"இந்த ஷூ யாரோடதுக்கா?"

"மார்கரெட்டின்ர பாட்டியின்ர."

துப்பாக்கி ஓர்டரை அன்றே நிறுத்திவிட்டார்.

தாமஸ் ரீட் பெயரோடு புதிய பலகை திறந்தபோது இருபது பேர்கூட வரவில்லை. இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கொள்ளைக்காரன் கதை கையில் வந்தால், முதலில் அவன் கொன்றவரின் பேப்பரை எடுங்கள். நான் பதினெட்டு ஆண்டுகள் பிந்தி எடுத்தேன். அத்தனை காலமும் மார்கரெட் அந்தப் பலகையைத் தாண்டித்தான் கடைக்குப் போய் வந்திருக்கிறார். ஏன் முன்பே வந்து கேட்கவில்லை என்றேன்.

"நூலகத்தில் எழுதியவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். தெரிந்துதான் அவர் பெயரை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்" என்றார்.